பூஜையில் வைத்த வில்லன்கள்

ஆறாம் வகுப்பில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். தேதி, கிழமை, தமிழ் மாதம், மழை உண்டா இல்லையா, வாய்க்காலில் தண்ணீர் எந்த மட்டம், வீட்டுக்கு யார் வந்தார்கள். ஒரே ஒரு வாரம் தவிர, இந்த வரிசையை இன்றுவரை நான் மாற்றவில்லை. அந்த முதல் நோட்டில் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது: ‘மழை இல்லை. வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். சீர்காழி அத்தையும் அத்தானும் வந்திருக்கிறார்கள். இரண்டு நாள் இருப்பார்களாம். பெரிய பை மூன்று.’ அதற்குப் பிறகு மழையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி இல்லை. பக்கம் பக்கமாக டிராகன்தான்.

அந்த டிராகன் மூன்றாவது பையில் வந்தது. அத்தான் அப்போது எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அவனுடைய பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த பெட்டி அது. மூடியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடையில் வருமே, அந்த வாசனை. உள்ளே நான்காக மடித்த அட்டைப் பலகை. விரித்தால் ஒரு முழு ராஜ்யம். மேலே மலை, மலையிலிருந்து ஒரு ஆறு, ஆற்றின் கடைசியில் தலைநகரம், சுற்றிலும் ஏழு கோட்டைகள். கட்டைவிரல் உயரப் பொம்மைகள் ஒரு பை நிறைய, ஆளாளுக்குக் கையில் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கட்டு அட்டைச் சீட்டுகள். நான் வழக்கம்போல ராஜகுமாரி எங்கே என்று தேடினேன்.

“ராஜகுமாரியெல்லாம் கிடையாது. இதுல நாமதான் வில்லன்” என்றான் அத்தான்.

“அப்ப நல்லவங்க?”

“அவங்க நமக்கு இடைஞ்சல்.”

இந்த ஒரு பதிலில் நான் விழுந்துவிட்டேன். பள்ளி நாடகங்களில் அதுவரை எனக்குக் கிடைத்த வேடங்கள் மூன்று: மான், தாமரைப்பூ, பாரதத்தாயின் வலப்பக்கம் நிற்கும் பெண். ஒரு ராஜ்யத்தை அழிக்கிற பொறுப்பை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. பச்சைத் தலைமுடியும் மீன்வாலும் கொண்ட ஆற்றுச் சூனியக்காரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அன்று சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்கவில்லை என்று குறிப்பு சொல்கிறது.

அத்தானுக்கு டிராகன். ஆட்டத்துக்கு மூன்றாவது ஆள் வேண்டும். அம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்தார். “இருபத்திரெண்டு வில்லனைக் காலையிலேர்ந்து மேய்ச்சிட்டு இப்பதான் வர்றேன், ஆளை விடுங்க” என்று ஒதுங்கிவிட்டார். அத்தைதான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “எனக்கு எது மிச்சம்?” என்றார். சிவப்பு அங்கி போட்ட மந்திரி மிச்சம். அரசன் பக்கத்தில் சிரித்தபடி நின்று உள்ளேயிருந்தே குழிபறிக்கிற ஆள். “நல்ல மூஞ்சி” என்று அத்தை அதை எடுத்துக்கொண்டார்.

விதிகளைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று கோட்டைகளைப் பிடித்து, அடுத்த முறை வரும்வரை விடாமல் வைத்திருந்தால் வெற்றி. இது எல்லோருக்கும் பொது. இதுபோக ஒவ்வொரு வில்லனுக்கும் தனியாக ஒரு குறுக்குவழி உண்டு. என் சூனியக்காரி தலைநகரத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தால் போதும். நம் முறை வரும்போது ஒரே ஒரு காரியம் செய்யலாம்: ஒன்று, நம் வேலையைப் பார்க்கலாம், இல்லையென்றால் வீரன், துறவி போன்ற நல்லவர்களில் ஒருவரை அடுத்தவன் மேல் ஏவி அவன் வேலையைக் கெடுக்கலாம். நல்லவர்களை வைத்து இன்னொரு கெட்டவனைக் கவிழ்ப்பது. பதினொரு வயதில் இதைவிட அழகான ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பந்தயம் கட்டினோம். நான் ஜெயித்தால் பொங்கல் வரை பெட்டி என்னிடம் இருக்கும். அவன் ஜெயித்தால் என் நாட்குறிப்பை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பான். அதில் அவனைப் பற்றி ஏழு இடங்களில் எழுதியிருந்தேன். ஒன்றும் நன்றாக இல்லை. ஒரு இடத்தில் அவன் மூக்கைப் பற்றி இருந்தது. தோற்கவே கூடாது என்று உட்கார்ந்தேன்.

ஆட்டம் லேசில் முடிகிற ஜாதி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பலகையைக் கலைக்க மனமில்லாமல், கோழி கிளறாதிருக்க மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போவோம். மூங்கில் பின்னலின் ஓட்டை வழியே டிராகன் முறைத்துக்கொண்டிருக்கும். வெளியே வெள்ளைச் சேவல் அதைச் சுற்றிச் சுற்றி வரும்.

திங்கட்கிழமை அத்தான் மூன்றாவது கோட்டையைப் பிடித்தான். என் கதை முடிந்தது, மூக்குச் சமாசாரம் சபைக்கு வரப்போகிறது என்று நாட்குறிப்பை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டேன். அத்தை நிதானமாக வீரனை எடுத்து அவன் கோட்டை மேல் வைத்தார். கோட்டை போயிற்று. “அம்மா!” என்று அலறினான். “நான் மந்திரிடா, உனக்கு அம்மா இல்ல” என்றார் அத்தை. நான் தரையில் உருண்டு சிரித்தேன். செவ்வாய்க்கிழமை நான் மூன்றாவது கோட்டையைப் பிடித்தேன். அதே வீரன், அதே நிதானம், என் கோட்டையும் போயிற்று. இப்போது அத்தான் உருண்டான்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அத்தையிடம் திங்கட்கிழமையிலிருந்தே இரண்டு கோட்டைகள் இருந்தன. மூன்றாவதைப் பிடிக்க அவர் விரலைக்கூட அசைக்கவில்லை. யார் முன்னேறினாலும் இழுத்து விடுவது மட்டுமே அவர் வேலையாக இருந்தது. ‘அத்தை தானும் ஜெயிக்க மாட்டார், ஜெயிக்கிறவரையும் விட மாட்டார்’ என்று செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது.

ஆனால் ஒன்று, அத்தை எங்கள் கட்சி. திங்கட்கிழமை மதியமே அம்மா கேட்டுவிட்டார்: “அண்ணி, எப்பக் கிளம்புறீங்க? அப்பத்துக்கு அரிசி ஊறப் போடலாமான்னு பாக்குறேன்.” அத்தை பலகையிலிருந்து தலை தூக்காமல், “புள்ளைங்க ஆட்டம் முடியட்டும்மா” என்றார். சாயங்காலம் சீர்காழியிலிருந்து மாமா போனில் கூப்பிட்டார். அத்தை போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். அவர் இல்லாத நேரத்தில் அத்தான் அட்டைகளைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறானா என்று நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். திரும்பி வந்த அத்தை முகம் கழுவியிருந்தார். “யார் முறை?” என்று கேட்டார். அவர் முறைதான். நான்கைந்து தடவை சொன்ன பிறகே காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பா வாசலில் நின்று டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்திருந்தார். நான் சோப்பு எடுக்கப் போனபோது அப்பா குரல் கேட்டது. “பையனுக்கு ஸ்கூல் தொறக்குதுக்கா. மச்சான் தெனம் கூப்புடுறாரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன். நானும் எத்தனை நாளைக்கு ஊர்ல பதில் சொல்றது?” அத்தை, “ஆட்டம் முடியட்டும்டா தம்பி” என்றார். அப்பா குழாயை வாங்கிக்கொண்டார். எனக்கு அத்தையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவர்களில் ஒருவராவது இந்த ஆட்டத்தின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொண்டிருக்கிறாரே! ஆனாலும் அன்றிரவு முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை விஜயதசமி, காலை பத்தரை பஸ்ஸில் அவர்கள் கிளம்புவது. அதற்குள் முடியாவிட்டால் பெட்டி சீர்காழிக்குப் போய்விடும்.

புதன்கிழமை ஆயுத பூஜை. அதுதான் நாங்கள் யோசிக்காத இடி. காலையில் அம்மா புத்தகங்களை எல்லாம் வாரி சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கினார். என் நாட்குறிப்பும் போயிற்று. அரிவாள், மண்வெட்டி, தையல் மிஷின் ஊசி, அப்பாவின் ஸ்பானர் செட். பிறகு பஞ்சாரத்தைத் தூக்கினார்.

“இதையும் சாமிகிட்ட வைங்க.”

“அத்தை, இது வெளையாட்டு சாமான்!” என்று அம்மாவைப் பார்த்து அத்தான் குறுக்கே விழுந்தான்.

“உள்ள புஸ்தகம் இருக்குல்ல?” விதிகள் அச்சிட்ட சின்னப் புத்தகம் இருந்தது.

அப்பாவும் சேர்ந்துகொண்டார். “ஆயுதமும் வச்சிருக்கானுங்களே” என்று வீரனின் வாளைக் காட்டினார். இரண்டு வகையிலும் தகுதி பெற்ற பொருள் அன்று எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். பொம்மைகள் நகராமல் பலகையைத் தூக்கிப்போவது பெரும்பாடு. அப்பா அடியில் பிளைவுட்டை நுழைத்துத் தூக்க, நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தோம். அத்தை ஒவ்வொரு வில்லனுக்கும் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தார். டிராகனுக்கு நெற்றி எது என்று ஒரு விவாதம் நடந்தது. கற்பூரம் காட்டியபோது அந்த ராஜ்யத்தைக் கவிழ்க்க வந்த மூன்று பேரும் மிகவும் பக்தியாக இருந்தார்கள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. அதனால் என் நாட்குறிப்பில் புதன்கிழமைப் பக்கம் காலி. நான் சொல்லப்போகும் மிக முக்கியமான விஷயம் அந்தக் காலிப் பக்கத்தில்தான் நடந்தது.

மதியம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. எங்கள் ஊர் கடைமடை. எங்கள் வயல் அந்த வாய்க்காலுக்கே கடைசி. நடவு நட்டு எட்டாம் நாள், பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. அப்பாவோடு நானும் போனேன். முறை எங்களுடையதுதான், ஆனால் தண்ணீரைக் காணோம். அப்பா வரப்போடு மேலே நடந்தார். மேல்வயல்காரர் மடை திறந்து கிடந்தது. அதற்கும் மேலே இன்னொன்று. மண்வெட்டி பூஜையில் இருந்ததால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையாலேயே சேற்றை அள்ளி, வைக்கோலைத் திணித்து, காலால் மிதித்து இரண்டையும் அடைத்தார். திரும்பி வருவதற்குள் எங்கள் வயலுக்குள் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

ஆட்டத்தில் ஆற்றின் மேல்பக்கம் இரண்டு மதகுகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மலையிலிருந்து இரண்டு நீல வில்லைகள் ஆற்றில் இறங்கும். தலைநகருக்கு ஒரே சுற்றில் இரண்டும் வந்து சேர்ந்தால் நகரம் மூழ்கும். “மதகைத் திறந்தாதான் வெள்ளம் வரும்” என்று அத்தான் புத்தகத்தைப் படித்துச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் அவை திறந்தே இருக்கும்படி பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லைகள் ஆளுக்கொரு மதகு வழியாகப் பக்க வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தன. தலைநகரம் கடைமடை! மேல்மடையை அடைத்தால்தான் அங்கே தண்ணீர் போகும். கடைமடையிலேயே பிறந்து வளர்ந்த நான், இங்கிலீஷில் எழுதியிருந்ததால் தண்ணீர் வேறு மாதிரி ஓடும் என்று நம்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். பலகை சரஸ்வதியின் முன்னால் பொரி தூவிக் கிடந்தது. தொட முடியாது. யாரிடமும் சொல்லவும் முடியாது. எழுதிவைக்கவும் முடியாது. அன்று முழுவதும் அந்த ரகசியத்தை வாய்க்குள் வெந்நீர் போல வைத்துக்கொண்டு திரிந்தேன். “என்னடி சிரிக்கிற?” என்று அத்தான் நாலு தடவை கேட்டான்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே குளித்துவிட்டு நின்றேன். மறுபூஜை நடக்கிறபாடில்லை. சுண்டல் அத்தையின் பொறுப்பு. கடலை இன்னும் வேகவில்லை என்றார். பிறகு தேங்காய் துருவ உட்கார்ந்தார். துருவினார், துருவினார், ஊருக்கே துருவினார். எட்டரைக்குத்தான் கற்பூரம். உடனே கட்டாயமாக ஒரு பக்கம் படிக்க வேண்டும், அது வழக்கம். எல்லோரும் பாடப் புத்தகத்தை எடுக்க, நான் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தேன். சூனியக்காரியின் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மதகை மூடலாம் என்றுதான் அச்சில் இருந்தது. அம்மா பூரித்துப்போய், “பாருங்கண்ணி, நாமளா சொல்லாமலே இங்கிலீஷ் படிக்கிறா” என்றார்.

பலகை கூடத்துக்கு வந்தது. ஒரு கோட்டையை எறும்புகள் பிடித்திருந்தன, பொரியில் வெல்லம். ஊதித் தள்ளிவிட்டு ஆரம்பித்தோம்.

அத்தான் எடுத்ததும் மூன்றாவது கோட்டையைப் பிடித்தான். அத்தை வீரனை ஏவிப் பிடுங்கினார். நான் மேல் மதகை மூடினேன்.

“தொறக்கணும் லூசு, மூடுற!” என்று அத்தான் விழுந்து விழுந்து சிரித்தான்.

அத்தை சிரிக்கவில்லை. மதகைப் பார்த்தார், தலைநகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரும் இதே வீட்டில், இதே கடைமடையில் வளர்ந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த சுற்றில் அத்தானின் டிராகன் அடிபட்டு ஓய்வில் இருந்தது. அத்தை துறவியை எடுத்து என் மதகின் மேல் வைத்தார். மதகு திறந்துகொண்டது.

“அத்தை!” என்று கத்தினேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆத்திரத்தோடு கீழ் மதகை மூடினேன்.

மணி ஒன்பதரை. அப்பா பைகளை வாசலுக்கு எடுத்துப்போனார். அத்தான் மறுபடி மூன்றாவது கோட்டையைப் பிடித்தான். துறவி ஒரு சுற்றுதான் நிற்பார். திரும்பி அத்தையின் கைக்கு வந்துவிட்டார். இப்போது எல்லாம் அத்தையிடம். அவர் மறுபடி துறவியை என் மேல் ஏவினால் நான் மதகை மறந்துவிட்டு அத்தானை மறிக்க ஓட வேண்டும். ஆட்டம் இன்னொரு நாளுக்கு இழுக்கும். பஸ் வந்துவிடும். அத்தை துறவியை விரலிடுக்கில் பிடித்தபடி யோசித்தார். 

போன் அடித்தது. இந்தத் தடவை அத்தை கொல்லைக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எடுத்து, “ம்... ம்... வர்றேன்” என்றார். வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை துறவியைப் பெட்டிக்குள் போட்டார். “நான் ஒண்ணும் செய்யல. நீ ஆடும்மா” என்றார்.

மேல் மதகை மூடினேன். இரண்டு நீல வில்லைகளும் மலையிலிருந்து இறங்கி, எங்கும் திரும்பாமல், நேரே தலைநகரத்துக்குள் போய் உட்கார்ந்தன. நான் போட்ட கூச்சலில் வெள்ளைச் சேவல் கூரை மேல் ஏறிவிட்டது. அத்தான் விதிப் புத்தகத்தை மூன்று தடவை படித்தான். மூன்று தடவையும் அதேதான் எழுதியிருந்தது. பெட்டி என்னுடையது! மூக்கு காப்பாற்றப்பட்டது!

அட்டைகளை அடுக்கும்போது அத்தான் திடீரென்று நிறுத்தினான். அவன் கையில் அத்தையின் சீட்டுகள். மந்திரிக்கென்று உள்ள தனி அட்டை அதில் இருந்தது. கோட்டைக் கதவை உள்ளேயிருந்தே திறந்துவிடும் படம். இரண்டு கோட்டைகளும் அந்த அட்டையும் இருந்தால் மந்திரி அந்த நிமிடமே ஜெயித்தான்.

“அம்மா, இது எப்பலேர்ந்து உன்கிட்ட இருக்கு?”

“திங்கக்கெழம வந்துச்சு” என்றார் அத்தை, தலையை வாரிக்கொண்டே.

நான் கைகொட்டிச் சிரித்தேன். “அத்தை, கையில வச்சுக்கிட்டே மூணு நாளா சும்மா இருந்திருக்கீங்க! உங்களுக்கு ஆடவே தெரியல!”

“ஆமாடி, எனக்கு எங்க ஆடத் தெரியுது” என்று அத்தையும் சிரித்தார்.

அப்பா எல்லோரையும் டிராக்டரிலேயே பஸ் நிறுத்தத்துக்கு ஏற்றிப்போனார். நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். திருவாரூர் பஸ் வந்தது, அங்கே இறங்கிச் சீர்காழிக்கு மாற வேண்டும். அத்தைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டத்தில் தோற்றதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்குப் பாவமாகிவிட்டது. சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதீங்க அத்தை. பொங்கலுக்கு வாங்க, உங்கள ஜெயிக்க விடுறேன்.”

அத்தை கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைப் பிடித்தார். அப்பா என்னை இறக்கிவிட்டார். பஸ் போன பிறகும் அவர் வெகுநேரம் டிராக்டரைக் கிளப்பவில்லை. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஜெயித்தவள் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொண்டேன் என்று, வீடு வந்து சேரும்வரை எனக்குப் பெருமையாக இருந்தது.